தம்பி போட்ட கோட்டு

எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல, கோட்டுன்னா ஒரே ஒரு கோட்டுதான். எங்களை வேலை வாங்கிட்டிருந்து செத்துப்போன கங்காணியோடது. கறுப்புக் கம்பளி. எந்தக் காலத்து வெள்ளைக்காரத் தொரையோ போட்டுக் கழிச்சு அவருக்குக் குடுத்தது. வேட்டிக்கு மேல அதை மாட்டிக்கிட்டு அவர் மலைக்கு வந்தா, நாங்க பாதையை விட்டுட்டு தண்ணி ஓடுற கானுக்குள்ள இறங்கி நிப்போம். அவர் போனப்புறம் கங்காணியம்மா அதை ஆணியில தொங்கவிட்டு, வெள்ளிக்கிழமை தவறாம சாம்பிராணி காட்டிக்கிட்டு வந்தாங்க.

அந்தக் கோட்டைக் கேட்டு அவங்க வாசல்ல போய் நின்னது நான்தான். என் காம்பராவுக்காக, நாங்க இருந்த அந்த ஒத்தை அறைக்காக நின்னேன்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கிட்ட சமயம். என் வீட்டுக்காரர் காய்ச்சல்ல போயிட்டாரு. கருமாதி முடிஞ்ச கையோட ஆபீசுல இருந்து ஆள் வந்துட்டான். வேலை செய்யற ஆள் ரெண்டு பேரு இருந்தாத்தான் ஒரு காம்பராவாம். நான் ஒருத்தியாம். பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு இன்னொரு குடும்பத்தோட போய் இருக்கணுமாம். நடுவுல ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, சமையப்போற பொண்ணை வச்சுக்கிட்டு, வேத்து ஆம்பளை இருக்கற இடத்துல எப்பிடிப் படுக்கறது? உன் வீட்டுப் பொம்பளையை அப்பிடிப் படுக்க வைப்பியான்னு கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போனான், ஆனா உத்தரவு அப்பிடியே நின்னுச்சு.

சங்கத்துத் தலைவர் பதுளைப் பெரிய ஆபீசுல பேச நாள் வாங்கினாரு. யாரு பேசறது? என் தம்பிதான். ஆத்தா செத்தப்புறம் நான் இடுப்புல தூக்கி வளர்த்த பய. பதுளையில ஒரு முஸ்லிம் நானாவோட துணிக்கடையில வேலை. சிங்களம் தண்ணி மாதிரிப் பேசுவான். "வெறும் சட்டையோட போனா வாசல்லயே நிறுத்திருவாங்க, ஆள் பாதி ஆடை பாதி"ன்னாரு தலைவர். சப்பாத்தை நானா குடுத்தாரு. கோட்டுதான் இல்லை.

கங்காணியம்மா மறுப்புச் சொல்லலை. கோட்டை எடுத்து மடியில வச்சுத் தடவினாங்க. "ஆளில்லாமத் தொங்குது, கொண்டு போ. நனைச்சுப் போடு" அப்பிடின்னாங்க. செத்தவங்க துணியை மஞ்சத் தண்ணியில முக்கிக் காயவச்சுத்தான் இன்னொருத்தர் உடுத்தணும். எங்க வழக்கம் அது. ஆனா அது மழைக் காலம். மடுல்சீமைப் பனியில சேலையே காயாது, கம்பளி எங்க காயப் போகுது? கொஞ்சம் மஞ்சத் தண்ணியைத் தெளிச்சு, சாமியைக் கும்பிட்டு, தம்பி தோள்ல போட்டுவிட்டேன்.

அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு. அதுதான் எனக்குப் பிடிக்கலை. கங்காணி தடிச்ச ஆளு, இவன் ஒடிசல்.

விடியக்காலை பனியில இறங்கிப் போனோம். எதிர்க்க வந்த கொழுந்துக்காரி ஒருத்தி, எங்க பக்கத்து வீட்டுக்காரிதான், சட்டுனு கானுக்குள்ள இறங்கி நின்னுட்டா. முகத்தைப் பார்த்தப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்துச்சு. "எடு செருப்பால, பயமுறுத்திட்டானே"ன்னு சிரிச்சா. தம்பியும் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை.

ஆபீசுல கட்டை மேசை, மின்விசிறி, புதுசா வந்த சிங்களத் தொரை. பக்கத்துல பழைய பெரிய கிளாக்கர். தம்பி உள்ள வந்ததும் கிளாக்கர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் திரும்பப் போட்டாரு. தொரை உக்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாரு. எங்க சனத்துக்கு யாரு நாற்காலி காட்டினா அது வரைக்கும்? உக்காருடா, உக்காருடான்னு மனசுக்குள்ள அடிச்சுக்கறேன். அவன் உக்காரலை. ரெண்டு கையையும் பின்னால கோத்து, ஒரு தோளை இறக்கி நின்னான். கங்காணி அப்பிடித்தான் நிப்பாரு. கங்காணி உசிரோட இருக்கும்போது இவன் சின்னப் பய, அப்பிடி நிக்க எங்க படிச்சான்?

நல்லாத்தான் பேசினான். பிள்ளைங்க கதையை, சாக்குத் தடுப்பை, எல்லாம் சிங்களத்துல சொன்னானாம். கிளாக்கர் தொரை காதுல என்னமோ சொன்னாரு. 'கங்காணி'ங்கற வார்த்தை மட்டும் எனக்கு விளங்குச்சு. தொரை தம்பியை மேலயும் கீழயும் பார்த்தாரு. அந்த மலைக்குக் கங்காணி இல்லாமக் கிடக்கு, நீ வந்தா உன் பேரும் வேலையில சேரும், வேலை ஆள் ரெண்டாயிரும், அக்காவுக்குக் காம்பரா நிக்கும்னு சொன்னாராம். தம்பி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை. "சரிங்க தொரை"ன்னான்.

பஸ்ஸுல அழுதேன். காம்பரா கிடைச்ச சந்தோசம்னு அவன் நினைச்சான். பாதி சந்தோசம்தான், பொய் சொல்லலை.

நனைக்காமப் போட்ட வினைன்னு லயத்துல பேசிக்கிட்டாங்க. கங்காணியம்மாவும் கோட்டைத் திருப்பிக் கேக்கலை. பேயாவது பிசாசாவதுன்னு நான் எரிஞ்சு விழுந்தேன். ஆனா நனைஞ்ச கம்பளி வாடை வந்தா இன்னிக்கும் எனக்கு உடம்பு சிலுத்துக்கும்.

தம்பி கங்காணியா வந்து கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலையில என் சின்னவனுக்கு வயித்தால போச்சு. கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு ஓடுறதுக்குள்ள பெரட்டுக்களத்துல வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிஞ்சுபோச்சு. கடைசியில போய் நின்னேன்.

"யாருடி அவ, இப்பத்தான் விடிஞ்சுச்சா? அரைப் பேரு போடுங்க."

அரைப் பேருன்னா பாதிக் கூலி. கூலி போகட்டும். பனியில ஆள் தெரியாமத் தம்பி கத்துறான்னு நினைச்சேன். அந்தக் கோட்டோட அவன் நடந்து கிட்ட வந்தான். என் மூஞ்சிக்கு நேரா நின்னு பார்த்துட்டு, திரும்பவும் "யாருடி?"ன்னான்.

என்னைக் கேக்காமலே என் கால் ஒரு அடி பின்னுக்குப் போச்சு.

"நாந்தாங்க"ன்னேன்.