எட்டுத் தட்டு இடைவெளி

நியூ ஆர்லியன்ஸில் என் வீட்டுக்காரர் ஓனெசீமுக்குப் பகலில் சுவர்ப் பூச்சு வேலை, சாயங்காலம் வாத்தியக் குழுவில் டிராம்போன் ஊதுவது. இரண்டுக்கும் நடுவில் சாப்பிட உட்கார்ந்தால் ‘சூப் சட்டி’யைப் பிரித்துப் போட்டுப் பேசாமல் கை சோற்றுக்குப் போகாது. அவருடைய குழுவே கட்டிய மெட்டு அது. பாட்டு வரி கிடையாது, வாத்தியம் மட்டும்.

“கேளு செலானி. கார்னெட் மெட்டச் சொல்லுது. கிளாரினெட் அதுக்கு மேல ஏறி இறங்கி ஓடுது. நான் அடியில இருந்து இழுத்து இழுத்து அடுத்த வரியில கொண்டுபோய் விடுறேன். சரியா?”

“சரி. பீன்ஸ் ஆறுது.”

“மூணாவது பகுதியிலதான் கோளாறே. நடுவுல எல்லாரும் நிறுத்துறோம், எட்டுத் தட்டு. அந்த இடத்துல எவரிஸ்ட் தனியா புகுந்து கார்னெட்டால அடைச்சிடுறான். அதக் காலியா விட்டுப் பாரு. மறுபடி எல்லாரும் சேர்றப்ப கால் தரையில நிக்காது.”

சொல்லிக்கொண்டே கரண்டியால் மேசையில் எட்டுத் தட்டும் தட்டிக் காட்டுவார். வாரக்கணக்கில் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

எவரிஸ்ட்தான் குழுத் தலைவர். தங்கமான மனிதர், ஆனால் ஓர் இடைவெளியைக் கண்டால் ஊதாமல் இருக்க மாட்டார். ஓனெசீம் நச்சரித்து நச்சரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை எவரிஸ்டுக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னிக்கு உன் இஷ்டப்படியே விடுறேன். ஜனம் சிரிச்சுதுன்னா நாளையிலேர்ந்து டிராம்போனுக்கு வேற ஆளு. நீ சுண்ணாம்போட இருந்துக்கோ.”

அன்று மாலை, இரவில் நாங்கள் நடத்தும் நடனத்துக்கு விளம்பரம் செய்யக் குழு வண்டியில் ஊதிக்கொண்டு கிளம்பியது. பின்பலகையை இறக்கிவிட்டு, டிராம்போனை வெளியே நீட்டியபடி ஓனெசீம் உட்கார்ந்திருந்தார். நானும் தெரு ஜனமும் எங்கள் ஊர் வழக்கப்படி குடையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஆடிப்போனோம். தெருமுனையில், ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஆல்ஜியர்ஸ் பேட்டைக் குழுவின் வண்டி எதிரே வந்தது. அவ்வளவுதான், யாரும் தப்பி ஓடாதபடி பயல்கள் இரண்டு வண்டிச் சக்கரங்களையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். யார் பக்கம் கூட்டம் சாய்கிறதோ, இரவு அவர்கள் நடனத்துக்குத்தான் ஜனம் போகும்.

முதலில் அவர்கள் ஊதினார்கள். ஊசி நுழைய இடமில்லாமல் ஊதினார்கள். அடுத்து எங்கள் ‘சூப் சட்டி’. மூன்றாம் பகுதி வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். எவரிஸ்ட் கார்னெட்டை வாயிலிருந்து எடுத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “என்னப்பா, மூச்சு தீந்துபோச்சா?” என்று ஆல்ஜியர்ஸ் டிரம்காரன் கத்தினான். ஓனெசீமின் முகம் அவர் பூசும் சுவரைப் போல வெளுத்துவிட்டது. டிராம்போன் இல்லாத ஓனெசீமை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மூன்றாம் பகுதி மறுபடியும் சுற்றி வந்தது. வாத்தியங்கள் நின்றன. குடையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்டினேன், எட்டுத் தட்டும். பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த சுற்றில் தெரு முழுக்கக் காலால் மிதித்தது. அதற்கடுத்த சுற்றில் அந்த டிரம்காரனும் தன்னை மறந்து தட்டினான்! அன்று இரவு எங்கள் நடனக் கூடத்தில் நிற்க இடமில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, வழக்கம்போல பீன்ஸும் சோறும். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிரே உட்கார்ந்திருந்தேன்.

“நான் காலியா விடச் சொன்னேன். முன்னாடி எவரிஸ்ட் ஒருத்தன் அடைச்சான், இப்ப ஊரே அடைக்குது. எல்லாம் உன்னாலதான்.”

“யோவ், நான் தட்டலேன்னா இந்நேரம் உன் டிராம்போன் பரண்ல கெடந்திருக்கும்!”

தலையைக் குனிந்துகொண்டு இரண்டு வாய் சாப்பிட்டார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேல்ல?” என்றார். “நீ வரலேன்னா அந்த எடம் காலியா கெடக்கும்.”