பவர் மருந்து எழுதாத நாள்

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்போது தமிழ்நாட்டு பார்டரை ஒட்டிய கேரளத்துத் தனுவச்சபுரத்தில், கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு சின்ன கிளினிக் இருந்தது. ‘பவர் மருந்து டாக்டர்’ என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். மூக்கு ஒழுகினாலும் ஆன்டிபயாடிக் எழுதுவேன். காய்ச்சல் தானாகப் போகும். புகழ் எனக்கு வரும்.

அந்தச் சமயம் டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஆன்டிபயாடிக் பற்றி ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மதியம் பிரியாணி உண்டு என்றதும் நானும் எங்கள் நர்ஸும் போனோம். வகுப்பெடுத்தவர் என்னைவிட மிகவும் இளையவரான ஒரு டாக்டரம்மா. சாதாரண சளிக்காய்ச்சலுக்கு என்ன கொடுப்பீர்கள், பெயர் போடாமல் எழுதித் தாருங்கள் என்றார். சீட்டுகளைக் கலக்கி ஒன்றை எடுத்து, தட்டுத்தடுமாறி வாசித்தார். இரண்டு வகை ஆன்டிபயாடிக், போதாததற்கு ஊசி.

“இது காய்ச்சலுக்குள்ள மருந்து இல்ல. டாக்டருக்க பயத்துக்கு எழுதினதாக்கும்.”

அரங்கமே சிரித்தது. சந்தேகம் வராமலிருக்க நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். என் கையெழுத்து தெரிந்த எங்கள் நர்ஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். இப்படித் தேவையில்லாமல் கொடுத்தால் கிருமிகள் பழகிவிடும், நிஜமாகவே தேவைப்படும் நாளில் மருந்து கேட்காது என்று டாக்டரம்மா விளக்கியபோது நான் சிரிப்பதை நிறுத்தியிருந்தேன். பிரியாணியும் ஒரு தட்டோடு சரி.

மறுநாளே பொழியூரிலிருந்து ஒரு மீனவர் தன் நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சளி, காய்ச்சல். நெஞ்சில் கோளாறில்லை. காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்தேன். மூச்சு வாங்கினாலோ தண்ணீர் குடிக்காவிட்டாலோ உடனே வரவேண்டும், எப்படியானாலும் இரண்டாம் நாள் காட்டவேண்டும் என்றேன்.

“பவர் மருந்து இல்லியா? பார்டர் தாண்டினா கடையில கேட்ட உடனே தருவினும்,” என்றார்.

“ரெண்டு நாள் பொறும் மக்கா.”

குரலில் இருந்த தைரியம் வயிற்றில் இல்லை. இரண்டாம் நாள் அவர் வரவும் இல்லை. மாலை வரை வாசலையே பார்த்திருந்துவிட்டு, கிளினிக்கைப் பூட்டி பைக்கை எடுத்தேன். பொழியூர் வரை பயம்தான் வண்டி ஓட்டியது.

கடலரிப்புக்குப் போட்ட பாறைகளின் மேல், மூக்கு ஒழுக ஒழுக அவள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

“காய்ச்சல் மாறிச்சு, பின்ன எதுக்கு வரணும்? மருந்து எழுத மறந்த டாக்டரு வீடு தேடி வாறத இப்பத்தான் பாக்கேன்,” என்றார்.

பார்டர் தாண்டிப் போனீர்களா என்று மெல்லக் கேட்டேன்.

“நீங்க பொறுக்கச் சொன்னியளே.”

ஒரு கவர் நிறையச் சாளை மீனும் தந்து அனுப்பினார். இப்போது அந்த கிளினிக் இல்லை. பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது. அது என் பேனாவைப் பிடிக்க வரும்போதெல்லாம் பாறைமேல் நின்ற அந்த மூக்கொழுகியை நினைத்து, நோயாளியின் நெஞ்சில் இன்னொரு தடவை குழலை வைத்துக் கேட்கிறேன்.