பையில் இருப்பது கோழிங்க

வீடு தேடிப் போய் முடி வெட்டுகிறவனுக்கு வெட்டுவது பாதி வேலைதான்; சாமான்களை உடையாமல், யாரையும் குத்தாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது மீதிப் பாதி. திருச்செங்கோட்டில் எனக்குச் சின்னதாக ஒரு சலூன். எழுந்து நடக்க முடியாதவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். சாமான் பையோடு பஸ் ஏறி மானம் போன எலக்ட்ரீஷியன்களும் பிளம்பர்களும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் எனக்கு வாய் வராது. பதிலைக் கேட்டவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததை ஒரு தரம் பார்த்துவிட்டேன், அதிலிருந்து இப்படி.

கொத்திய கத்திரி

குமாரபாளையம் பஸ்ஸில் நல்ல கூட்டம். கத்திரிக்கோலைத் துண்டில் சுற்றித்தான் வைத்திருந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் முனை துண்டையும் பையையும் துளைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரின் தொடையைப் பதம் பார்த்துவிட்டது. "ஏனுங்க, பைக்குள்ள கோழிங்களா? கொத்துதுங்க!" என்று துள்ளினார்.

கத்திரிக்கோல் என்றால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். "ஆமாங்க, கோழிங்க" என்றேன். அந்த நல்ல மனுஷன் வலியை மறந்து பையின் ஜிப்புக்குக் கை நீட்டினார். நான் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவர் இறங்கும்போதும் விடவில்லை: "காத்துப் போறாப்புல கொஞ்சம் தொறந்து வெய்யுங்க, பாவம், செத்துப்போயிரும்."

அடங்காத டிரிம்மர்

கத்திரி முனைக்குச் சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை மாட்டினேன். குத்துவது நின்றது. அடுத்த பயணத்தில் சீப்பு பட்டனை அழுத்தி டிரிம்மர் தானாக 'கிர்ர்' என்று ஓட ஆரம்பித்தது. கையை விட்டுத் துழாவினால் துண்டு வருகிறது, தண்ணீர் பாட்டில் வருகிறது, டிரிம்மர் மட்டும் வரவில்லை. மொத்த பஸ்ஸும் என்னையே பார்த்தது. "போனுங்க, போனு" என்று இளித்தேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "எடுத்துப் பேசிருங்க. ஊட்டுக்காரம்மா ரொம்ப நேரமாக் கூப்புடுறாங்களாட்ட இருக்குது."

தயிர் சவரம்

இதைக் கேட்ட என் மனைவி செல்வி, நன்றாக மூடும் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா ஒரே மாதிரி இரண்டு வாங்கி வந்தாள். ஒன்று என் சாமானுக்கு, இன்னொன்று பிளஸ் ஒன் படிக்கும் மகள் காவ்யாவுக்கு. பார்த்தால் சோற்று டப்பா, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

குமாரபாளையத்தில் தறிப்பட்டறைக்காரர் ஒருவர் இடுப்பு ஒடிந்து கட்டிலில் இருந்தார். துணியைக் கட்டி, கன்னத்தை நனைத்து, டப்பாவைத் திறந்தால் உள்ளே தயிர்ச்சோறும் ஊறுகாயும். அவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இப்ப மூஞ்சிக்குத் தயிர்தான் பூசறீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர்

அப்படியென்றால் என் சவரக்கத்தியும் பிளேடும் காவ்யாவின் பள்ளிக்கூடப் பையில். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிளேடு கொண்டுவந்தாள் என்று வெளியே அனுப்பிவிட்டால்? டப்பாவைப் பார்த்துச் சிநேகிதிகள் சிரித்தால்? என் தொழில் அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று அத்தனை நாளும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் இருந்தவன் நான்.

நேராகப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். கேட்டில் வாட்ச்மேன் யாரென்று கேட்டார். இன்னும் எதையோ காப்பாற்றப் போகிறவன் மாதிரி, "பக்கத்து ஊட்டுக்காரனுங்க, பாப்பாவோட சோறு மாறிப்போச்சு" என்றேன். அவர் உள்ளே போய் அழைத்து வந்தார். காவ்யா என் சாமான் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். "சாமி, பக்கத்து ஊட்டுக்காரர் சோறு கொண்டாந்திருக்கறாரு பாரு" என்றார் வாட்ச்மேன்.

அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தேன். டப்பாவை மாற்றிக்கொண்டாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. இரண்டடி போனவள் திரும்பி, வாட்ச்மேன் காதில் விழும்படியே கேட்டாள்: "இது எங்கப்பாவோட சாமானுங்கன்னு டீச்சர்கிட்ட, கிளாஸ் மொத்தத்துக்கும் சொல்லிட்டுத்தான் வாரேன். நீங்க எதுக்குங்கப்பா பக்கத்து ஊடுன்னு சொன்னீங்க?"

கத்திரி முனைக்கு ட்யூப் மாட்டிவிட்டேன், டிரிம்மருக்கு டப்பா வாங்கியாயிற்று, என் வாய்க்குத்தான் இன்னும் ஓர் உறை கிடைக்கவில்லை.