வில்நேவும் என் மீசையும்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: இன்று காலை மக்ரூன் இனிப்புக் கடையில் நின்று வாய்விட்டு அழுதேன்.

மகன் கப்பல் வேலைக்காரன்; பிரான்சில் கப்பல் ஏறப் போயிருக்கிறான். "அப்பா, வில்நேவ் வந்தாச்சு" என்று முந்தாநாள் அவன் அனுப்பியிருந்ததை இன்று கடையில்தான் பார்த்தேன். மேப்பில் போட்டால் சுற்றிலும் மலை, கடலையே காணோம். அவன் போனோ அணைந்து கிடக்கிறது. போலி ஏஜென்ட்டிடம் ஏமாந்த பிள்ளைகளின் கதை நம் ஊரில் தெருவுக்கு ஒன்று உண்டே. அழுதுகொண்டே வேண்டிக்கொண்டேன்:

"மாதாவே, பிள்ள நல்லா இருந்தா மீசைய எடுத்துருதேன்."

கடைக்கார அண்ணாச்சி என் போனை வாங்கிப் பார்த்தார். "அங்கன வில்நேவ்னு ஏகப்பட்ட ஊரு கெடக்கு. குடும்பப் பேரும் அதான். நம்ம தெருவுல பர்னாந்துன்னு கூப்பிட்டா எத்தன பேரு திரும்புதான்? கடலோரமும் ஒண்ணு இருக்கு, பாருங்க."

நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவன் நேத்தே கப்பல் ஏறியாச்சு. நடுக்கடல்ல ஏது டவரு?"

மீசை போய்விட்டது. படம் போடச் சொல்லி யாரும் கேட்காதீர்கள்.

கப்பல் தளத்தில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் குடும்பக் குழுவில் நேற்றே வந்திருக்கிறது. அந்தக் குழுவை மியூட்டில் போட்டு வைத்திருப்பவன் நான்தான்.