பாதி குபூஸ்

என் மருமகள் அகிலாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. திருச்சியில் ஆறு வருஷம் டீச்சராக இருந்தவள். என் மகனைக் கட்டிக்கொண்டு துபாய்க்கு வந்ததும், சத்வாவில் இரண்டு அறைக்குள் மூன்று வருஷம் அடைந்து கிடந்தாள். இரண்டாயிரத்து ஐந்தில்தான் இந்தக் கணக்கு வகுப்பைத் தொடங்கினாள். பள்ளிக்கூடக் கணக்குக்குப் பயந்த ஆறு பிள்ளைகள், வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ஹாலுக்கு வரும். அந்த நாட்களில் நாலு மணிக்கே அவளுக்குக் கால் தரிக்காது. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

கீழே தையல்கடை முகம்மது சித்தீக் கொடுக்கிற வெட்டுத்துணியைப் பட்டை பட்டையாக நறுக்கி வைத்திருப்பாள். பன்னிரண்டில் ஐந்து போனால் மீதி என்ன என்று கேட்டால், பிள்ளைகள் பன்னிரண்டு கட்டம் போட்ட பட்டையைத் தரையில் விரித்து, ஐந்தை மடித்துக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். தப்பு என்றும் சொல்ல மாட்டாள். "எங்க, காட்டு பாப்போம்," அவ்வளவுதான். எழுத்தே தெரியாத எனக்கு அந்தப் பட்டைக் கணக்கு விளங்கியது. படித்தவர்களுக்குத்தான் விளங்கவில்லை.

அர்ஜுனின் அம்மா சுசீலா பேங்கில் வேலை பார்க்கிறவள். ஒரு திங்கட்கிழமை மகனோடு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அகிலா, இன்னிக்கு முழுசா இருந்து பாக்கப்போறேன். சரிவராதுன்னு தோணிச்சுன்னா அர்ஜுன நிறுத்திடுவேன். மத்தவங்களும் என்னத்தான் கேட்டுட்டு இருக்காங்க."

அவள் நிறுத்தினால் மற்ற ஐந்தும் நின்றுவிடும். வகுப்பே இருக்காது. அகிலாவின் முகம் வெளுத்துப்போனது. நான் டீ கொடுத்தேன். அந்த அம்மா குடிக்கவில்லை.

அன்றைக்குப் பாதி, கால் பாடம். காகித வட்டம் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று அகிலா குபூஸ் வாங்கி வைத்திருந்தாள், பிரித்தால் இரண்டு தோலாக வருகிற வட்டமான அரபு ரொட்டி. ஒன்றை அந்த ஆறு பேரில் ஒருத்தியான தாரிணியிடம் கொடுத்து, "இதுல பாதி காட்டு," என்றாள்.

தாரிணி ஓரத்தில் நகத்தால் கீறினாள். மேல் தோலையும் கீழ் தோலையும் பிரித்தாள். கையில் இரண்டு முழு வட்டம்.

"ஹாஃப், மிஸ். எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. டாடி இப்படித்தான் குடுக்கச் சொல்வாங்க."

சுசீலா சிரித்துவிட்டாள். "பாத்தீங்களா? பாதின்னா முழு ரவுண்டாம்! பரீட்சைல இதையா வரையும்?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, உங்க வீட்டுல குபூஸ வேற எப்படிப் பிய்ப்பீங்க?" என்றேன். அகிலா, "அத்தை, கொஞ்சம் இருங்க," என்றாள். இரண்டு தோலையும் கையில் வைத்துக்கொண்டு அறையின் அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள்.

"ரெண்டும் ஒரே அளவா? யாராவது காட்டுங்க."

தாரிணி ஒன்றின்மேல் ஒன்றை வைத்தாள். வட்டத்தோடு வட்டம் பொருந்தியது. "சேம், மிஸ்."

அதுவரை இரண்டு மாதமாக வாயே திறக்காத அர்ஜுன் எழுந்தான். "நோ! அதுல ஒண்ணு திக்கா இருக்கு. இட்ஸ் நாட் ஃபேர். மூசா அங்கிள் கடை வெயிங் ஸ்கேல்ல போடலாம்."

ஆறு பிள்ளைகளும் படியிறங்கி, கீழே மலையாளி மூசாவின் மளிகைக் கடைக்கு ஓடின. அகிலா பின்னால், சுசீலா அதற்குப் பின்னால். நானும் முட்டியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன்.

"எந்தா டீச்சரே, குபூஸ எடை போட்டு விக்கப் போறீங்களா?" என்றான் மூசா. தராசில் சிவப்பாக எண் எரிந்தது. ஒரு தோல் முப்பத்தெட்டு கிராம், இன்னொன்று ஐம்பத்தொன்று.

தாரிணி பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்போ தம்பிக்குக் கம்மியாவா குடுத்தேன்?"

அர்ஜுன் இரண்டு தோலையும் ஒன்றாக அடுக்கினான். குறுக்கே மடித்து, கோட்டோடு கிழித்தான். ஆளுக்கொரு அரைவட்டம், இரண்டு தோலும் சேர்ந்து. தராசில் ஒன்று நாற்பத்துநாலு, மற்றது நாற்பத்தைந்து.

"நவ் இட்ஸ் ஹாஃப்," என்றான், அம்மாவைப் பார்த்து.

சுசீலா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "ஒரு மாசம் பாக்குறேன், அகிலா. ஆனா மார்க் வரணும்."

ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்தா போகும்? மேலே வந்து அதைத்தான் மருமகளிடம் கேட்டேன். அவள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, மூணு பங்கு போடச் சொன்னா எதை வச்சுக் காட்டுறது? வட்டத்தப் பாதி பாதியா மடிச்சா மூணு வராதே," என்றாள்.