காலையில் மட்டும் வலித்த கை

சிட்டக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது சிட்டாய்ப் பறக்கும் கையின் வேகத்தால். எங்கள் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்துக் காய்ந்ததை அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிப்போம். நான் ஒன்றை அடுக்கி வைப்பதற்குள் அவர் அடுத்ததை உதறிக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் போன பிறகு அந்தக் கையை வைத்தே இரண்டு பெண்களைக் கரையேற்றினார். "என் வாய்க்கும் கைக்கும் பந்தயம் வெச்சா, பார்க்கிறவங்கதான் களைச்சுப் போவாங்க" என்பார்.

ஐம்பத்திரண்டு வயதில் அந்தக் கை தடுமாறத் தொடங்கியது. காலை ஆறு மணிக்கு விரிப்பின் முனை நழுவித் தரையில் விழும். விழுந்தது மறுபடி மெஷினுக்குப் போகவேண்டும். "கை வலிக்குதுடி" என்பார். பதினொரு மணிக்கு மேல் பார்த்தால் பழைய சிட்டுதான். எங்கள் ஜோடி பின்தங்கிக்கொண்டே போனது. எனக்கு எரிச்சல்.

கடவுள் பேரைச் சொல்லாமல் வீட்டுப்படி இறங்காதவள் நான். அந்த வாயால்தான் ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அக்காவோட கைவலிக்கு மணி பார்க்கத் தெரியும். டீ வர்ற நேரத்துக்குக் கரெக்டா கிளம்பிப் போயிடும்." எல்லோரும் சிரித்தார்கள். சிட்டக்காவும் சிரித்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாயங்காலம் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீதானே கூட நிக்கிற. நெசமாவே வலியா, இல்ல சாக்கா?"

"சாக்குதான் சார்" என்றேன்.

மறுநாளே அக்காவை ஈரப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். நனைந்த விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து வண்டியில் போடும் வேலை. ஒவ்வொன்றும் கல்லாய்க் கனக்கும். எட்டு மாதம் இழுத்தார். யார் விசாரித்தாலும், "வயசாகுதுல்ல" என்று முடித்துவிடுவார்.

ஒரு காலையில் குழாயடியில் அவரைப் பார்த்தேன். டிபன் பாக்ஸை விலாவோடு இடுக்கிக்கொண்டு, உள்ளங்கையால் மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்கட்டும் வீங்கியிருந்தன. விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

"என்னக்கா இது?"

"இந்த மூடிக்கு என்மேல என்ன கோபமோ, தெரியல" என்றார்.

அன்றே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வந்த அன்றும் கூடப் போனேன். டாக்டரம்மா கேட்டார்: "காலைல எந்திரிச்சா, விரல் நல்லா மடங்குறதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "பதினொரு மணி ஆகிடும்மா."

"இது தேய்மானம் இல்ல, முடக்குவாதம். நோயை எதிர்க்கிற சக்தியே வழி தப்பி உங்க மூட்டைத் தாக்குது. காலைல ரொம்ப நேரம் விறைச்சுக் கிடந்து, போகப்போக இளகுறதுதான் இதோட அடையாளம். முன்னாடியே வந்திருந்தா விரல் சாயாம பார்த்திருக்கலாம். மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது. கனமானதை இழுக்காதீங்க. அதுக்காகக் கையைச் சும்மாவும் வெச்சிருக்காதீங்க."

நான் எதைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தேனோ, அதுதான் நோயின் அடையாளமாம். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு போய் நின்றபோது சூப்பர்வைசர், "இழுக்க முடியாதுன்னா வீட்ல இருக்கட்டும்" என்றார்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு சார்" என்றேன். "அது சாக்கு இல்ல, நோவு. மதிய ஷிப்ட்ல மடிக்கப் போடுங்க. கூட நான் நிக்கிறேன். எண்ணிக்கை குறைஞ்சா என்னைக் கேளுங்க." அவர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

முதல் மதியம் விரிப்பின் இரண்டு பக்கமும் நின்றோம். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, உங்களை ஈரத்துக்குத் தள்ளினது நான்தான். சாக்குன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவர் பக்கத்துத் துணி தொய்ந்தது.

"நீ எல்லாரையும் சிரிக்க வெச்சியே, அன்னையிலிருந்து எனக்கே சந்தேகம்டி. நெசமாவே வலிக்குதா, இல்ல நான்தான் சோம்பேறி ஆயிட்டேனான்னு. அதனாலதான் டாக்டர்கிட்டயே போகல."

நான் துணியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"நின்னுட்டே இருந்தா எப்படி? மடி" என்றார்.

என் பக்கத்து முனைகளைச் சேர்த்துக்கொண்டு அவரிடம் போனேன். அந்த விரல்களைப் பார்க்கத் தைரியமில்லாமல் துணியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.