எங்கள் தெருவின் மேயர்

நாங்கள் குடியேறிய நோபல் பார்க் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இங்கிலாந்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரர். 2011இல் ஒருநாள் என்னையும் கணவரையும் தேநீருக்கு அழைத்து, சுவரில் தொங்கிய மூன்று படங்களைக் காட்டினார். மூவரும் அந்த ஊரின் மேயர்களாக இருந்த அவருடைய முன்னோர்.

பூட்டனார் புதிய இறங்குதுறையைத் திறந்துவைக்கப் போய், நாடாவை வெட்டிய கையோடு கடலில் விழுந்தாராம். மேயர்கள் கழுத்தில் அணியும் பதவிச் சங்கிலியின் பாரத்தில் எழும்ப முடியாமல் தத்தளித்தவரை மீனவர்கள் வலைபோட்டு இழுத்தார்களாம். அதன்பிறகு பாட்டனார் மேயரானபோது, கடலோர விழாக்களில் இரண்டு பேர் அவருடைய கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றார்களாம். தகப்பனாரோ காற்றடித்தால் வீட்டைவிட்டு வெளியே வரவே மாட்டாராம்.

“நீங்கள்?” என்று கேட்டேன்.

“நான் தேர்தலில் தோற்றுக் கப்பலேறிவிட்டேன்” என்றார்.

கணவர் என் காதருகே குனிந்தார். “பாவமப்பா மனுசன். சங்கத்தில எனக்குப் போர்த்த பொன்னாடையை எடுத்துக்கொண்டு வாரும்.”

போய் எடுத்து வந்தேன். கணவர் அதை அவருக்குப் போர்த்தி, இன்று முதல் நீங்கள்தான் எங்கள் தெருவின் மேயர் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். கிழவர் எழுந்து நின்று எங்களுக்குக் கை கொடுத்தார்.

அடுத்த வாரம் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு உருட்டி வந்தபோதும் பொன்னாடை அவர் தோளில் இருந்தது. எங்கள் தொட்டி கோணலாக நிற்கிறது என்று கண்டித்தார். கணவர் பணிவாக அதை நேராக்கி வைத்தார்.